கல்லூரியில் நாடகம் படிக்க விரும்புகிறவர்களுக்கு: பார்வையாளர் வரிசையிலிருந்து ஒத்திகைக் கூடம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை என்னைத் தேடி வந்து, "நாடகம் படிக்கலாம் என்று இருக்கிறேன், எங்கே சேர்வது?" என்று கேட்கும். பெரும்பாலும் கூடவே அப்பாவோ அம்மாவோ வந்திருப்பார்கள். அவர்கள் வாய் திறந்து கேட்காவிட்டாலும் அவர்கள் மனதில் இருக்கும் கேள்வி எனக்குத் தெரியும்: இதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவது? இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட முடிவதில்லை. அதனால்தான் நிதானமாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொறியியலையோ கணக்குப்பதிவியலையோ கல்லூரிக்குப் போய்த்தான் தொடங்குகிறோம். நாடகத்தை அப்படித் தொடங்க முடியாது. ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்களைத்தான் நல்ல நாடகப் பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே, இந்த வழிகாட்டியில் பாதி, விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன்பு செய்ய வேண்டியவற்றைப் பற்றியது.

முதல் படி: பத்து நாடகம் பாருங்கள்

நாடகம் படிக்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் "கடைசியாக என்ன நாடகம் பார்த்தீர்கள்?" என்று கேட்பேன். பலரிடம் பதில் இருக்காது. பள்ளி ஆண்டு விழாவில் நடித்திருப்பார்கள், கைத்தட்டல் வாங்கியிருப்பார்கள், ஆனால் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களை அனுப்பிவைத்து, பத்து நாடகம் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். அந்தப் பத்தில் குறைந்தது ஒன்று, விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தாக இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை.

காஞ்சிபுரம், செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக் காலத்தில் போனால் கூத்து கிடைக்கும். ஆட்டம் இரவு பத்து மணிக்கு மேல்தான். நீங்கள் எட்டு மணிக்கே போய்விடுங்கள். வாத்தியாரிடம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, வேஷம் கட்டும் இடத்தில் ஓர் ஓரமாக உட்காருங்கள். துரியோதனன் கட்டப் போகிறவர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, இமைக்கு மேலே மை இழுத்துக்கொண்டிருப்பார். முகத்தில் அரிதாரம் ஏற ஏறப் பக்கத்தில் இருப்பவர்களோடு பேச்சுக் குறையும். புஜகீர்த்தி, மார்புப் பதக்கம், கிரீடம் என்று மரக்கட்டையில் செய்த அணிகளை ஒவ்வொன்றாகக் கட்டுவார்கள். தெருக்கூத்துக்குக் கட்டைக்கூத்து என்ற இன்னொரு பெயர் வந்ததே அந்தக் கட்டைகளால்தான். அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கும்போது அவருடைய நடை மாறிவிட்டிருக்கும். இரவு முழுவதும் அந்தக் கனத்தோடுதான் அவர் சுழன்று ஆட வேண்டும், மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாட வேண்டும். நடிப்புப் பயிற்சி என்றால் என்ன என்று எந்தப் புத்தகத்தைவிடவும் அந்த இரண்டு மணி நேரம் தெளிவாகச் சொல்லித் தரும்.

தெற்கே மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இசை நாடகம் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1922 இல் மறைந்தவர்; அவருடைய வள்ளி திருமணம் இன்றும் கோயில் திருவிழாக்களில் நடக்கிறது. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கவனியுங்கள். அச்சிட்ட பிரதியில் அத்தனையும் இருக்காது. எதிரில் இருப்பவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரியாமலே, கேட்டு, பிடித்து, திருப்பிக் கொடுக்கிறார்கள். சென்னைவாசிகள் எழும்பூர் அருங்காட்சியக அரங்கிலும் சிறிய அரங்குகளிலும் நடக்கும் நவீன நாடகங்களைப் பார்க்கலாம். பிடித்ததை மட்டும் பார்க்காதீர்கள். சபா நகைச்சுவை நாடகம், வீதி நாடகம், பள்ளிக் குழந்தைகள் நாடகம், எல்லாவற்றையும் பாருங்கள்.

பார்த்த அன்று இரவே ஒரு நோட்டில் எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, யார் எங்கே நின்றார்கள், எந்த இடத்தில் பார்வையாளர்கள் இரும ஆரம்பித்தார்கள், எந்த இடத்தில் இருமல் நின்றது என்று எழுதுங்கள். பத்து நாடகத்துக்குப் பிறகும் இருட்டில் உட்கார்ந்து அடுத்த காட்சிக்குக் காத்திருக்கும் ஆசை குறையவில்லை என்றால், மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: பிளஸ் டூ முடித்தவுடனா, ஒரு பட்டத்துக்குப் பிறகா?

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதுதான்: முதலில் ஒரு பட்டம், பிறகு நாடகம். பெற்றோரைச் சமாதானப்படுத்த இப்படிச் சொல்லவில்லை. நம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் முக்கியமான நாடகப் படிப்புகள் பலவும் பட்டம் முடித்தவர்களுக்கானவை. எந்தப் பாடத்தில் பட்டம் என்பது பல இடங்களில் பொருட்டே இல்லை.

அந்த மூன்று ஆண்டுகளை எங்கே கழிக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். தமிழ் இலக்கியமோ ஆங்கில இலக்கியமோ படித்தால் பிரதியை வாசிக்கும் பழக்கம் வரும். காட்சித் தொடர்பியல் படித்தால் ஒளியும் சட்டகமும் பழகும். வரலாறு, உளவியல், சமூகவியல், எதுவும் வீண் போகாது. கட்டடக் கலை படித்துவிட்டு அரங்க வடிவமைப்புக்கு வந்தவர்கள் அளவுகோலைக் கையில் எடுக்கும் விதமே வேறாக இருக்கும். ஆனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை விசாரியுங்கள்: அங்கே நாடகக் குழு உண்டா, அது ஆண்டு விழாவுக்கு மட்டும் கூடுகிறதா, ஆண்டு முழுவதும் இயங்குகிறதா? இயங்கவில்லை என்றால், ஊரில் இருக்கும் ஒரு வெளிக் குழுவில் சேர்ந்துவிடுங்கள்.

பிளஸ் டூ முடித்தவுடன் நாடகத்தையே இளநிலைப் பட்டமாகப் படிக்க வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு அருகில் இருக்கும் நல்ல வாய்ப்பு திருச்சூர். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி அங்கே அரணாட்டுக்கரையில் 1977 முதல் நடக்கிறது, மலையாள நாடகாசிரியர் ஜி. சங்கரப் பிள்ளை தொடங்கியது. அதே 1977 இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் எழுபது நாள் நாடகப் பயிற்சிப் பட்டறை ஒன்று நடந்தது. அதை வழிநடத்தியவர்கள் அதே சங்கரப் பிள்ளையும் நம் பேராசிரியர் சே. இராமானுஜமும். தமிழ் நவீன நாடகத்தில் அடுத்த தலைமுறை கிளம்பியதில் அந்த எழுபது நாளுக்குப் பெரிய பங்கு உண்டு. பட்டப்படிப்பு கிடைக்காதவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எழுபது நாள் ஒழுங்கான பயிற்சி ஒரு வாழ்க்கையைத் திருப்பிவிடக்கூடியது.

மூன்றாம் படி: எங்கே படிக்கலாம்

புதுச்சேரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் தமிழில் சிந்திக்கிற ஒரு மாணவருக்கு நான் முதலில் சொல்வது அந்த ஊரைத்தான். காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி தலைமையில் நாடகப் பள்ளியாகத் தொடங்கியது அது. கே. ஏ. குணசேகரன் போன்றவர்கள் அங்கே ஆசிரியர்களாக இருந்திருக்கிறார்கள். நாட்டார் கலைகளும் நவீன நாடகமும் ஒரே கூரையின் கீழ் பேசப்பட்ட இடம். இரண்டாண்டு முதுநிலைப் படிப்பும் ஆய்வுப் படிப்பும் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் சேர்க்கை சியூஇடி எனப்படும் பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைப் பிரிவு வழியாக. அந்தத் தேர்வின் அறிவிப்பு, பட்டப்படிப்பின் கடைசிப் பருவம் முடிவதற்கு முன்பே வந்துவிடும். தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருந்து கோட்டைவிட்டவர்களை நான் அறிவேன். புதுச்சேரியில் இன்னொரு வசதி, சுற்றிலும் நாடகம் நடக்கிறது. ஆரோவில் சாலையில் வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தி நாடகக் குழு இருக்கிறது. மூச்சை வைத்து உணர்ச்சியைக் கட்டும் பயிற்சியை அங்கே பட்டறைகளில் கற்றுக்கொள்ளலாம்.

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981 இல் தொடங்கியது. அதன் நாடகத் துறையில் சே. இராமானுஜமும் மு. இராமசாமியும் பணியாற்றினார்கள். ஆய்வு நோக்கம் உள்ளவர்களுக்கு, குறிப்பாகத் தமிழ் நாடக வரலாற்றையும் கூத்து மரபுகளையும் ஆராய விரும்புகிறவர்களுக்கு, அங்கே இருக்கும் நூலகமும் சூழலும் பெரிய உதவி. எந்த ஆண்டில் எந்தப் படிப்புக்குச் சேர்க்கை நடக்கிறது என்பதை மட்டும் துறையிலேயே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி. 1959 இல் சங்கீத நாடக அகாதெமியின் கீழ் தொடங்கி, 1975 இல் தன்னாட்சி பெற்றது. 1962 முதல் 1977 வரை இப்ராஹிம் அல்காஸி இயக்குநராக இருந்து அதன் முகத்தை வடித்தார். மூன்றாண்டு முழுநேரப் பட்டயப் படிப்பு. முதலாண்டு எல்லோருக்கும் பொது. பிறகு நடிப்பு ஒரு வழி, வடிவமைப்பும் இயக்கமும் ஒரு வழி என்று பிரியும். மாணவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. பட்டம் முடித்திருக்க வேண்டும், வயது வரம்பு உண்டு, குறைந்தது ஆறு நாடகத் தயாரிப்புகளில் பங்கேற்றிருக்க வேண்டும், இந்தியும் ஆங்கிலமும் புழங்கும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்களைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்று நான் தொடக்கத்தில் சொன்னது இந்த ஆறு நாடக நிபந்தனையைத்தான்.

இந்தி நம் பிள்ளைகளுக்குப் பெரிய தடை. அதற்காகப் பயந்து விண்ணப்பிக்காமல் விட வேண்டாம். ஓராண்டு முன்பே தொடங்கினால் ஒத்திகைக் கூடத்தில் பிழைக்கும் அளவு இந்தி வரும். சே. இராமானுஜமே அங்கே படித்தவர்தான். இந்தி வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு இரண்டு வழி உண்டு. ஒன்று, அதே பள்ளியின் பெங்களூரு மையம். ஓராண்டுப் படிப்பு, தென் மாநிலத்தவர் கலந்து படிக்கும் சூழல். மற்றொன்று, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் அரங்கக் கலைத் துறை. அங்கே வகுப்புமொழி ஆங்கிலம். தெலுங்கு, மலையாளம், வங்காளம் பேசும் மாணவர்களோடு சேர்ந்து நாடகம் போட வேண்டியிருக்கும் என்பதால் மொழியைத் தாண்டி உடலால் பேசப் பழகுவீர்கள்.

கன்னடம் தெரிந்தவர்களுக்கு ஷிமோகா மாவட்டம் ஹெக்கோடு கிராமத்தில் நீநாசம் என்ற நாடக அமைப்பு. கே. வி. சுப்பண்ணா உருவாக்கியது, நாடகப் பள்ளி 1980 முதல் இயங்குகிறது. பாக்குத் தோப்புக்கு நடுவில், ஒரு சின்னக் கிராமத்தில், உலக நாடகங்களைக் கன்னடத்தில் போடுகிறார்கள். படிக்கப் போகாவிட்டாலும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இலங்கைத் தமிழ் மாணவர்களின் நிலை வேறு. அங்கே "நாடகமும் அரங்கியலும்" பள்ளிப் பாடமாகவே இருக்கிறது. உயர்தரத்தில் (நம் பிளஸ் டூ போன்றது) அதை எடுத்துப் படித்துவிட்டு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்கலைக்கழக மட்டத்தில் தொடர முடிகிறது. 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றவர்களின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. நம் பள்ளிப் பாடத்திட்டத்தில் அப்படி ஒரு பாடம் இல்லையே என்ற ஏக்கம் எனக்கு எப்போதும் உண்டு.

பட்டம் தராத ஆனால் நடிகர்களை உருவாக்குகிற இடங்களையும் இதே வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1977 இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து வந்தவர்கள் பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் ஆகியோர். புரிசை கிராமத்தில் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் வழியினர் கூத்துப் பயிற்சி அளிக்கிறார்கள். காஞ்சிபுரம் அருகே கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. கல்லூரியில் இடம் கிடைக்காத ஆண்டை இங்கே கழித்தவர் யாரும் அந்த ஆண்டை இழந்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மனம் நாட்டியத்தின் பக்கம் சாய்கிறது என்றால் கலாக்ஷேத்ராவைப் போன்ற இடங்கள் தனி உலகம்; அதற்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நான்காம் படி: விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஓராண்டு

உடலில் தொடங்குங்கள். ஜிம்முக்குப் போய்த் தசை ஏற்ற வேண்டியதில்லை. இறுகிய தசை மேடையில் இடைஞ்சல். தினமும் முக்கால் மணி நேரம் நடையும் ஓட்டமும், தரையில் உட்கார்ந்து எழும் பயிற்சியும், சிலம்பமோ களரியோ பறையாட்டமோ ஏதாவது ஒரு மரபுக் கலையும் போதும். பறையாட்டம் எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை. தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டே கால் வேறு வேலை செய்யப் பழகுகிறது. அந்தப் பிரிவினை நடிகருக்குப் பெரிய சொத்து.

அடுத்தது குரல். காலையில் வெறும் வயிற்றில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒரு மூச்சில் ஒரு பத்தி வாசித்துப் பாருங்கள். பத்தி முடிவதற்குள் மூச்சு முடிந்தால் மூச்சை எங்கே வீணாக்குகிறீர்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் முதல் நான்கு சொற்களிலேயே கொட்டிவிடுகிறோம். ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். கிளி, கிலி, கிழி என்று மூன்றையும் நண்பர் ஒருவரிடம் முகத்தை மறைத்துக்கொண்டு சொல்லி, அவர் சரியாக எழுதுகிறாரா என்று பாருங்கள். உங்கள் ஊர்ப் பேச்சை மறைக்க வேண்டாம். நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் ஒரு நடிகரின் கையிருப்பு. வேண்டும்போது அதைப் போட்டுக்கொள்ளவும் கழற்றி வைக்கவும் தெரிந்தால் போதும்.

வசனப் பயிற்சிக்கு நான் கொடுக்கும் ஒரு சின்ன வேலை இது. "கதவைச் சாத்து" என்ற ஒரே வரியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே மழை, குழந்தை தூங்குகிறது என்று வைத்துக்கொண்டு மனைவியிடம் சொல்லுங்கள். கடன்காரர் தெருமுனையில் வருவதைப் பார்த்துவிட்டு மகனிடம் சொல்லுங்கள். ஆண்டுகள் கழித்து வந்திருக்கும் அண்ணனிடம், பேச வேண்டிய பேச்சு நிறைய இருப்பதால் சொல்லுங்கள். குரலை ஏற்றி இறக்கி வித்தியாசம் காட்ட முயன்றால் மூன்றும் பொய்யாகத் தொனிக்கும். கதவு எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், அது சாத்தும்போது கிறீச்சிடுமா என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டால், குரல் தானாக மாறும். இதைச் சொன்னவுடன் புரிந்தது என்பார்கள். உடலுக்குப் புரிய ஒரு மாதம் ஆகும்.

வாசிப்பில் இரண்டு பக்கமும் வேண்டும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்தெந்தக் காரணத்தால் பிறக்கிறது என்றும் பிரிக்கிறது. உணர்ச்சியைக் காரணத்திலிருந்து தேடு என்று இன்றைய நடிப்பு வகுப்பில் சொல்வதும் அதைத்தான். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் கட்டாயம் படியுங்கள். இருபத்துநான்கு விரல் நீளமுள்ள கோலால் அளந்து, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு கொடுக்கிறது. மூன்று வகை எழினி, அதாவது திரை, சொல்கிறது. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை வைத்தார்கள் என்கிறது. ஒளியமைப்பு வகுப்பில் ஏணியில் ஏறி நின்று, கீழே நிற்கும் நண்பரின் மூக்கு நிழல் உதட்டில் விழாமல் இருக்க விளக்கை ஒரு விரற்கடை நகர்த்துகிறபோது, அந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்பது கைக்குத் தெரியும்.

மறுபக்கம், உலக நாடகங்கள். கிரேக்கம், ஷேக்ஸ்பியர், இப்சன், செகாவ், பிரெக்ட் என்று தமிழ் மொழிபெயர்ப்பிலோ ஆங்கிலத்திலோ மாதம் இரண்டு. சத்தமாக வாசியுங்கள். நாடகப் பிரதியை மனதுக்குள் வாசித்தால் பாதிதான் கிடைக்கும்.

ஐந்தாம் படி: கோப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பங்கேற்ற ஒவ்வொரு நாடகத்துக்கும் அழைப்பிதழ், இரண்டு புகைப்படம், இயக்குநரிடமிருந்து நாள், இடம், உங்கள் பங்கு குறித்த கையெழுத்திட்ட கடிதம். நாடகம் முடிந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். பின்மேடை வேலையையும் சேருங்கள். திரை இழுத்தது, உடை தைத்தது, பொருட்களை எடுத்து வைத்தது எல்லாம் பங்கேற்புதான், தேர்வு செய்கிறவர்கள் அதை மதிக்கிறார்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். தகுதியும் கட்டணமும் கடைசி நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த நிறுவனத்தின் அந்த ஆண்டு அறிவிப்பை மட்டும் நம்புங்கள்.

ஆறாம் படி: தேர்வு நாள்

எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, நேர்காணல் என்று இடத்துக்கு இடம் கலவை மாறும். செய்முறையில் பொதுவாக எதிர்பார்ப்பவை: தயாரித்த தனி வசனம் ஒன்றிரண்டு, ஒரு பாட்டு, உடல் அசைவு, அந்த இடத்திலேயே ஒரு சூழலைக் கொடுத்து நடிக்கச் சொல்வது. டெல்லியில் முதற்கட்டத் தேர்வு பல நகரங்களில் நடந்து, அதில் தேறியவர்களைச் சில நாள் பட்டறைக்கு அழைத்துப் பார்க்கிறார்கள். அந்த நாட்களில் மேடையில் நிற்கும்போது மட்டும் உங்களைப் பார்ப்பதில்லை. அடுத்தவர் நடிக்கும்போது நீங்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதையும் பார்க்கிறார்கள்.

முதல் முறை நான் ஒரு நுழைவுத் தேர்வுக்குப் போனபோது, தந்தையின் பிணத்துக்கு முன் மகன் கதறும் வசனம் ஒன்றைத் தயார் செய்திருந்தேன். வீட்டு மாடியில் இரண்டு மாதம் கதறிப் பழகியது. அன்று கண்ணீரும் நன்றாகவே வந்தது. முடித்ததும் தேர்வாளர் ஒருவர், "இதே வசனத்தைத் தரையில் உட்கார்ந்து, ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே சொல்லுங்கள்" என்றார். என்னால் ஒரு வரிக்கு மேல் போக முடியவில்லை. கையில் பழம் இருப்பதாக நினைத்தால் வசனம் போயிற்று, வசனத்தைப் பிடித்தால் பழம் போயிற்று. நான் அழுகையைத் தயார் செய்திருந்தேனே தவிர, அழுகிற அந்த மகன் யார், அவனுக்கும் அப்பாவுக்கும் இடையில் என்ன என்பதை யோசித்ததே இல்லை. அந்த ஆண்டு எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அதனால் சொல்கிறேன். உங்கள் வயதுக்கும் உங்கள் அனுபவத்துக்கும் அருகில் இருக்கும் பாத்திரத்தை எடுங்கள். திரைப்பட வசனம் வேண்டாம். அந்த நடிகரின் குரல் உங்கள் தொண்டையில் உட்கார்ந்திருப்பதைத் தேர்வாளர் முதல் வரியிலேயே கேட்டுவிடுவார். நின்று, உட்கார்ந்து, படுத்து, சோறு பிசைந்துகொண்டு, சட்டை மடித்துக்கொண்டு என்று ஒரே வசனத்தைப் பத்து நிலையில் பழகுங்கள். பாட்டுக்கு ஒப்பாரியோ தாலாட்டோ நடவுப்பாட்டோ, உங்கள் வீட்டில் யாரிடமாவது கேட்டுக் கற்றுக்கொண்டதைப் பாடுங்கள். சுருதி சற்றே விலகினாலும் அது உங்களுடையது.

நேர்காணலில் "ஏன் நாடகம்?" என்ற கேள்வி வரும். சினிமாவுக்குப் போக ஆசை என்றால் அதை மறைக்க வேண்டாம். ஆனால் கூடவே, சமீபத்தில் பார்த்த ஒரு நாடகத்தைப் பற்றி ஐந்து நிமிடம் விவரமாகப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நோட்டை இதற்காகவும்தான் எழுதச் சொன்னேன்.

ஏழாம் படி: முதல் ஆண்டைக் கடப்பது

காலை யோகாவோ உடற்பயிற்சியோ, பிறகு குரல், பிறகு கோட்பாட்டு வகுப்பு, மதியத்துக்கு மேல் ஒத்திகை, இரவில் மேடைப் பொருட்களுக்கு வண்ணம் பூசுவது. நாள் இப்படித்தான் போகும். நடிக்க வந்த என்னை ஆணி அடிக்கச் சொல்கிறார்களே என்று முதல் இரண்டு மாதத்தில் மனம் சோரும். தயவுசெய்து ஆணியை அடியுங்கள். தான் நிற்கும் மேடைப் பலகையைத் தானே இழைத்தவர் அதில் கால் வைக்கும் விதமே தனி. மேடை நிர்வாகம் என்ற பாடத்தைத் துச்சமாக எண்ணாதீர்கள். படிப்பு முடிந்த பிறகு முதலில் சோறு போடுவது பலருக்கு அதுவாகத்தான் இருக்கிறது.

ஒத்திகைக்குப் பத்து நிமிடம் முன்னதாக இருங்கள். பருத்திக் கால்சட்டை இரண்டு, பென்சில், அழிப்பான், தண்ணீர், இவை எப்போதும் பையில் இருக்கட்டும். மேடை அசைவுகளைப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால்தான் குறிக்க வேண்டும், ஏனென்றால் இயக்குநர் நாளை மாற்றுவார்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாடக வகுப்பில் தொடுதல் உண்டு, நெருக்கம் உண்டு, உணர்ச்சியைத் தோண்டும் பயிற்சிகள் உண்டு. அவற்றுக்கெல்லாம் எல்லை உண்டு. என்ன பயிற்சி, யார் எங்கே தொடுவார்கள் என்பதை முன்கூட்டியே கேட்கவும், முடியாது என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. கலைக்காகப் பொறுத்துக்கொள் என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும், பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில் அதன் உறுப்பினர்கள் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: வீட்டில் பேசுவது, பணம்

"நாடகக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்" என்ற பேச்சு சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து வருகிறது. பெண் பிள்ளைகளுக்கு அது இன்னும் கடுமையாக வரும். வாதாடி வெல்வது கடினம். அதைவிட, நீங்கள் நடிக்கும் ஒரு நாடகத்துக்கு அப்பாவையும் அம்மாவையும் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். முடிந்ததும் உங்கள் இயக்குநரிடம் அறிமுகப்படுத்துங்கள். "அண்ணா, இவர்கள்தான் அப்பா அம்மா" என்று நீங்கள் சொல்ல, அவர் கைகூப்பி, உங்களைப் பற்றி நான்கு வார்த்தை பேசினால், வீட்டில் நடக்கும் அடுத்த பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் தனியார் கல்லூரிகளை ஒப்பிட்டால் குறைவு. கவலை பெரும்பாலும் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும்தான். மத்திய பண்பாட்டு அமைச்சகத்தில் இளம் கலைஞர் உதவித்தொகை என்று ஒரு திட்டம் இருக்கிறது: 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டு. நாடகமும் நாட்டார் கலையும் அதில் அடக்கம். ஒரு குருவிடம் பயின்றிருக்க வேண்டும் என்பதால் கூத்து வாத்தியாரிடம் கழித்த காலம் இங்கேயும் கைகொடுக்கும். நம் பிள்ளைகள் போதிய அளவில் விண்ணப்பிப்பதில்லை என்பது என் வருத்தம்.

படித்து முடித்த பிறகு

பெற்றோரின் கேள்விக்கு இப்போது வருகிறேன். நாடகம் மட்டும் போட்டு மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் தமிழில் மிகக் குறைவு. இதை மறைத்து யாரையும் சேர்த்துவிட மாட்டேன். ஆனால் இந்தப் படிப்பால் திறக்கும் கதவுகள் உண்டு. தேசிய நாடகப் பள்ளிக்கு 1964 முதல் சொந்த நாடகக் குழு இருக்கிறது. குழந்தைகளோடு வேலை செய்யும் கல்வி அரங்கக் குழு 1989 முதல் இருக்கிறது. கல்லூரி ஆசிரியராக விரும்புகிறவர்கள் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் நிகழ்கலைப் பாடத்தை எடுக்கலாம்; இளநிலை ஆய்வு உதவித்தொகையும் அதன் வழியாகவே. பல தனியார் பள்ளிகள் நாடக ஆசிரியரை நியமிக்கின்றன. நல்ல ஒளியமைப்பாளருக்கு நடன நிகழ்ச்சிகள், இசை நிகழ்ச்சிகள் என்று ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. டப்பிங், ஒலிப்புத்தகம், படங்களில் நடிகர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என்று குரலையும் உடலையும் நம்பிப் பிழைக்கப் பல வழி உண்டு.

என் ஆசை வேறு. படித்து முடித்தவர்கள் உங்கள் ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு குழு கட்ட வேண்டும். ஏழு பேர் சேர்ந்தால் 1975 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கமாகப் பதிவு செய்யலாம். பதிவு, வங்கிக் கணக்கு, ஒவ்வோர் ஆண்டும் தணிக்கை செய்த வரவு செலவு, இந்த மூன்றும் முதல் ஆண்டிலிருந்தே ஒழுங்காக இருந்தால், சில ஆண்டுகள் நாடகம் போட்ட பிறகு பண்பாட்டு அமைச்சகத்தின் குழு மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியும். ஒத்திகைக்கு இடம் தேடும்போது முதலில் உங்கள் பழைய அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்பறையைத் திறந்து கொடுத்தால், பதிலுக்கு அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு நாள் நாடகம் சொல்லிக் கொடுப்பதாகச் சொல்லுங்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினால் ஏழு கோலுக்கு எட்டுக் கோல் இடம் கிடைத்துவிடும்.